வெனிஸ் நகரில் இரண்டு நாள்

இத்தாலியின் வடகிழக்குக் கரையோரத்தில், ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய ஆழமற்ற உப்பங்கழியின் நடுவே அமைந்துள்ள நகரம் வெனிஸ். இது 118 சிறு தீவுகளின் தொகுப்பாகும். இத்தீவுகளுக்கு இடையே 150க்கும் மேற்பட்ட கால்வாய்கள் ஓடுகின்றன. 400க்கும் மேற்பட்ட பாலங்கள் அவற்றை இணைக்கின்றன. பழைய நகருக்குள் மகிழுந்தும் இல்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. நடந்து செல்ல வேண்டும். இல்லையேல் படகேற வேண்டும். 1987ஆம் ஆண்டில் வெனிஸையும் அதன் உப்பங்கழியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. ஆண்டுதோறும் பல மில்லியன் சுற்றுப்பயணிகள் இங்கு வருகின்றனர். அவர்களுள் மிகப் பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகின்றனர்.

மலேசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் பயணத்தில் இரண்டு நாளை வெனிஸுக்கு ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் ஒரு நகரை முழுமையாக அறிய இயலாது. ஆயினும், எதைப் பார்க்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டு பார்த்தால் அக்குறுகிய காலமும் பயனுடையதாகும். அவர்களுடன் நாமும் சென்று வருவோம்.

இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவர்கள் கண்முன் விரிவது சாலையன்று, பெருங்கால்வாய். ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய் நகரை வளைந்து நெளிந்து இரண்டாகப் பிரிக்கிறது. இதுவே வெனிஸின் தலைமைச் சாலை. பேருந்துக்கு மாறாக நீர்ப்பேருந்து ஓடுகிறது. நோயாளியை ஏற்றிச் செல்வதும் படகு. தீயணைப்பு வீரர்கள் விரைவதும் படகு. குப்பையை அள்ளிச் செல்வதும் படகுதான். கரிய நிறமும் ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் கொண்ட கொண்டோலாப் படகு இன்று பெரும்பாலும் சுற்றுப்பயணிகளுக்கே உரியதாகிவிட்டது. படகோட்டி பின்புறம் நின்று வலப்பக்கத்தில் ஒற்றைத் துடுப்பால் வலிப்பார். அப்போது படகு ஒரு பக்கமாகத் திரும்பிவிடாமல் இருக்க, அதன் இடப்பக்கத்தைச் சற்று அகலமாக அமைத்துள்ளனர்.

இருமருங்கிலும் மாளிகைகள் நீரிலிருந்தே எழுந்து நிற்பது போல் தோன்றுகின்றன. சேற்று நிலத்தில் இத்தனை பாரமான கட்டடங்கள் எப்படி நிற்கின்றன? வடக்கே உள்ள மலைக்காடுகளில் வெட்டிய மரங்களை ஆற்று வழியே மிதக்கவிட்டுக் கொண்டுவந்தனர். அவற்றைக் கூராக்கிச் சேற்றினுள் நெருக்கமாக அடித்து இறக்கினர். அவற்றின்மேல் மரப்பலகைகளைப் பரப்பி, நீரை எளிதில் உறிஞ்சாத வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லை அடுக்கினர். அதன்பின்னரே செங்கல் சுவர்கள் எழுந்தன. “மரம் உளுத்துப்போகாதா?” என்று மனைவி கேட்கக்கூடும். மரத்தை விரைவாக அரிக்கும் பூஞ்சைகள் வாழ உயிர்வளி வேண்டும். நீரிலும் சேற்றிலும் புதைந்த மரத்தை உயிர்வளி எளிதில் அண்டாது. ஆதலால் பல நூற்றாண்டுகளாகியும் அத்தூண்கள் பாரத்தைத் தாங்கி வருகின்றன. 1630ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப்பின் கட்டப்பட்ட சலூட்டே தேவாலயத்திற்கு மட்டும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மரத்தூண்கள் அடிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

நண்பகலில் அவர்கள் ரியால்டோ பாலத்தை அடைகிறார்கள். 1591ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இக்கற்பாலம் ஒரே வளைவில் பெருங்கால்வாயைக் கடக்கிறது. முற்காலத்தில் இதன் சுற்றுப்புறமே நகரின் வணிக மையமாக விளங்கியது. இங்கு விற்ற கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் நம் பகுதியோடு தொடர்பு உண்டு. மொலுக்கஸ் தீவுகளில் விளைந்த அந்நறுமணப் பொருள்கள் மலாக்காவுக்கு வந்து, இந்தியத் துறைமுகங்களையும் செங்கடலையும் கடந்து, எகிப்தின் அலெக்சாண்டிரியா வழியாக வெனிஸை அடைந்தன. போர்த்துகீசியர் 1498ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கடல்வழி கண்டு, 1511ஆம் ஆண்டில் மலாக்காவையும் கைப்பற்றியபோது வெனிஸ் வணிகர்கள் கடும் போட்டியைச் சந்தித்தனர். வெனிஸைச் சேர்ந்த மார்கோ போலோ, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்து, அங்கு நடந்த முத்துக்குளிப்பைப் பற்றிக் கூறிச் சென்றதும் இங்கு நினைக்கத்தக்கது.

மாலையில் புனித மார்க் சதுக்கம். பொற்பின்னணியில் வண்ணச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய ஓவியங்கள் மின்னும் பேராலயமும், குடியரசுத் தலைவர்கள் வாழ்ந்து ஆட்சி நடத்திய அரண்மனையும் அருகருகே நிற்கின்றன. 1797ஆம் ஆண்டில் நெப்போலியனிடம் வீழும்வரை வெனிஸ் தனிக் குடியரசாக விளங்கியது. சதுக்கத்தில் ஓங்கி நிற்கும் மணிக்கோபுரம் 1902ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் இடிந்து விழுந்தது. எனினும், மனித உயிர் எதுவும் பலியாகவில்லை. நகர மக்கள் முன்பிருந்த இடத்திலேயே, முன்பிருந்தவாறே அதை மீண்டும் எழுப்பி 1912ஆம் ஆண்டில் திறந்தனர்.

பகல்நேரப் பயணிகள் இத்துடன் விடைபெறுகின்றனர். நம் தம்பதியர் இரவு தங்குகின்றனர். மறுநாள் காலை கூட்டம் சேருமுன் அவர்கள் குறுகிய சந்துகளில் நடந்து ஒரு சிறு சதுக்கத்தை அடைகிறார்கள். அதன் நடுவே, செதுக்கிய கல்லால் ஆன கிணற்றுவாய் ஒன்று மூடி இடப்பட்டுள்ளது. சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க நீரில்லாத நகரம் அது. ஆகவே, மக்கள் சதுக்கத்தின் அடியில் பெருங்குழி தோண்டி, உப்புநீர் புகாதபடி களிமண் பூசி, அதில் மணலை நிரப்பினர். கல்தளத்தில் விழும் மழைநீர் துளைகள் வழியாக இறங்கி, மணலில் வடிந்து, நடுக்கிணற்றில் சேர்ந்தது. 1884ஆம் ஆண்டில் பெருநிலத்திலிருந்து குழாய்நீர் வரும்வரை நகரின் தாகத்தைத் தீர்த்தவை இக்கிணறுகளே. புகழ்பெற்ற மாளிகைகளைவிட இக்கிணறு நகர மக்களின் வாழ்வை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

அம்மக்களின் வாழ்வே இன்று கேள்விக்குறியாகியுள்ளது. முதலாவது இடர் கடலிலிருந்து வருகிறது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கடல்நீர் 194 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அது 187 சென்டிமீட்டரை எட்டியதால் நகரின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. இதைத் தடுக்க, உப்பங்கழியின் மூன்று வாயில்களிலும் கடலடியில் மொத்தம் 78 தடுப்புக் கதவுகளைப் பொருத்தியுள்ளனர். வழக்கமாக அவை நீர் நிரம்பிக் கடலடியில் படுத்திருக்கும். நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டால், காற்றைச் செலுத்தி அவற்றை எழுப்புகின்றனர். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அவை முதன்முறையாக நகரைக் காத்தன. எனினும், கடல்மட்டம் உயர உயரக் கதவுகளை அடிக்கடி மூட நேரிடும். அப்போது உப்பங்கழியின் உயிரினங்களும் துறைமுகமும் பாதிக்கப்படும்.

இரண்டாவது இடர் அமைதியானது. ரியால்டோ அருகே ஒரு மருந்துக்கடையின் சாளரத்தில் எண்களைக் காட்டும் மின்பலகை ஒன்று உண்டு. அவ்வெண் பழைய நகரில் வாழும் மக்களின் தொகை. 1951ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். இன்று 50,000க்கும் குறைவானவர்களே வாழ்கின்றனர். 1966 வெள்ளத்திற்குப்பின் தரைத்தள வீடுகளில் இருந்தோர் பலர் பெருநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். பின்னர், குடியிருப்புகள் பல சுற்றுப்பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்பட்டன, வாடகை உயர்ந்தது. காய்கறி விற்ற கடையில் முகமூடிகளும் நினைவுப் பொருள்களும் விற்பனைக்கு வந்தன. மளிகைக்கடை மூடப்பட்டால் முதியவர் துன்புறுவார். பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடப்படும். பள்ளி மூடப்பட்டால் இளம்பெற்றோர் வெளியேறுவர். கட்டடம் இடிந்தால் மணிக்கோபுரத்தைப் போல் மீண்டும் கட்டிவிடலாம். மக்கள் போய்விட்டால் அதே எளிமையில் அவர்களைத் திரும்பக் கொணர முடியாது.

நிலைமையைச் சீராக்கச் சில நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பெரிய உல்லாசக் கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தின் முன்னுள்ள நீர்ப்பரப்பில் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. சுற்றுப்பயணக் குழுக்களில் 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், வழிகாட்டிகள் ஒலிபெருக்கி பயன்படுத்தக்கூடாது என்றும் விதிகள் வந்தன. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கவில்லை என்று நகரவாசிகள் சிலர் குறைகூறுகின்றனர். நகருக்குள் நுழையக் கட்டணம் வாங்கினால் அது அருங்காட்சியகம் போலாகிவிடாதா என்றும் அவர்கள் வினவுகின்றனர். அவர்களுக்குத் தேவை, வாழத்தக்க வாடகையில் வீடும் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையும் ஆகும்.

இரண்டு நாள் விருந்தினர் இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. ஆனால், அதைப் பெருக்காமல் இருக்க இயலும். கூட்டம் குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பாலத்தின் நடுவே நின்று படமெடுத்து வழியை மறிக்காமல் இருக்கலாம். நீர்ப்பேருந்தில் முதியவருக்கு இருக்கை தரலாம். நினைவுப் பொருள் வாங்க விரும்பினால், மலிவான இறக்குமதிப் பொருளைத் தவிர்த்து உள்ளூர்க் கைவினைஞர் செய்ததை வாங்கலாம். குடியிருப்புப் பகுதியில் இரவில் சக்கரப் பெட்டியை உருட்டி உறக்கத்தைக் கெடுக்காமல் தூக்கிச் செல்லலாம். இவை சிறியவையே, ஆனால், பல மில்லியன் பேர் பின்பற்றினால் பெரியவை.

இது வெனிஸுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2008ஆம் ஆண்டில் மலாக்காவும் ஜோர்ஜ்டவுனும் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டன. ஜோர்ஜ்டவுனின் சீனக் குலத்தார் படகுத்துறைகளில் மக்கள் கடல்மேல் மரத்தூண்களை நட்டு வீடு கட்டி வாழ்ந்து வருகின்றனர். அவ்வீடுகளைக் காணச் செல்லும் நாம், கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே எட்டிப் பார்ப்பது முறையாகுமா? பழமையான நகரம் என்பது காட்சிப் பொருளன்று. அது இன்றும் ஒருவருடைய வீடு. வீட்டுக்கு வந்த விருந்தினர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நம் பெரியோர் நமக்குக் கற்பித்துள்ளனர். அப்பண்பை நாம் செல்லும் ஊர்களுக்கும் உடன் எடுத்துச் செல்வோம்.