அருகலையும் கம்பி வடமும்

நுழையும் முன்

தில்லியில் இருந்தவாறே ஊரிலுள்ள பாட்டியின் முகத்தைத் திறன்பேசியில் கண்டு உரையாடுகிறோம். முன்னறையில் தெளிவாகத் தெரிந்த முகம், பின்னறைக்குச் சென்றதும் அசைவற்று நின்றுவிடுகிறது. பேச்சும் பாதியில் அறுந்துபோகிறது. இதன் காரணத்தையும் தீர்வையும் அறிவோம்.

சுவரும் அலையும்

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் அச்சேவையைப் பெற்ற நகரங்களுள் தில்லியும் ஒன்று. அன்று தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்தது. இன்று ஒளியிழை வழியே வீட்டை அடையும் இணையத்தைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிப்பது திசைவி ஆகும். இதனையே ரௌட்டர் என வழங்குகிறோம்.

திசைவியிலிருந்து புறப்படும் வானலைகளே அருகலை, அதாவது வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது, ஆயினும் சுவர்களால் எளிதில் வலுவிழக்கும். முன்னறையில் திசைவி இருக்க, செங்கற்சுவர்களையும் இரும்பு அலமாரியையும் கடந்து பின்னறையை அடையும் அலை மெலிந்துவிடுகிறது.

வலைப்பின்னல் திசைவி

இக்குறையைப் போக்க வந்ததே 'மெஷ்' எனப்படும் வலைப்பின்னல் திசைவி. இதில் ஒரு தலைமைக் கருவியும் ஒன்றிரண்டு துணைக் கருவிகளும் உண்டு. அனைத்தும் ஒரே பெயரில் அலை பரப்புவதால், நாம் அறை மாறினும் இணைப்பு தொடர்கிறது.

கோடையில் தண்ணீர் லாரியிலிருந்து ஒருவர் கை மாற்றி ஒருவர் வாளியில் நீர் கொண்டுவருவதைக் கண்டிருப்பீர்கள். நடுவில் நிற்பவர் ஒரு வாளியைக் கொடுத்த பின்னரே அடுத்ததை வாங்க இயலும். துணைக் கருவி ஒரே அலைவரிசையில் தகவலை வாங்கி, அதிலேயே கொடுக்கும்போது வேகம் பாதியாகக் குறையக்கூடும். நீருக்குக் குழாய் இடுவதுபோல் இரு கருவிகளையும் கம்பி வடத்தால் இணைத்தால் இக்குறை நீங்கும்.

இவ்வடத்தின் வழியே செல்லும் ஈதர்நெட் முறையை 1973ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் போக்ஸ் ஆகியோர் உருவாக்கினர். வடத்தினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குவதால் மின்குறுக்கீடு குறைகிறது. 100 மீட்டர் வரை ஒரே வடம் பயன்படும்.

இணைக்கும் முறை

1. சேவை நிறுவனம் தந்த பெட்டியிலிருந்து ஒரு வடத்தைத் தலைமைக் கருவியின் இணைய நுழைவாயிலில் செருகுக.
2. தலைமைக் கருவியின் மற்றொரு வாயிலிலிருந்து 'ஸ்விட்ச்' என்னும் பகிர்பெட்டிக்கு வடம் இடுக.
3. பகிர்பெட்டியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் வடம் கொண்டுசென்று துணைக் கருவிகளை இணைக்க.

இவ்வரிசை மாறலாகாது. பகிர்பெட்டியைத் தலைமைக் கருவிக்கு முன்னால் வைத்து, அதில் துணைக் கருவிகளைச் செருகினால் அவை தலைமைக்குக் கட்டுப்படா.

ஒரு வீட்டிற்கு ஒரு தலைமை

ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பது போன்ற முகவரியைத் திசைவி வழங்குகிறது. நிறுவனத்தின் பெட்டியும் வலைப்பின்னல் திசைவியும் தனித்தனியே முகவரி வழங்கினால், ஒரே வீட்டில் இரு வலைகள் உண்டாகும். ஒன்றிலுள்ள அச்சுப்பொறி மற்றதிலுள்ள கணினிக்குத் தென்படாமற்போகலாம். ஆகவே, பெட்டியைப் 'பிரிட்ஜ்' எனப்படும் பாலநிலைக்கு மாற்ற வேண்டும். அன்றேல், வலைப்பின்னல் திசைவியை 'ஆக்சஸ் பாயின்ட்' எனப்படும் அணுகுமுனை நிலைக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றிவிடின் முகவரி வழங்க எவரும் இரார்.

மின்கம்பி செல்லும் குழாயில் இவ்வடத்தைச் செலுத்துதல் கூடாது. சுவரில் துளையிடும் பணியைப் பெரியோர் துணையுடன் செய்க.

சொல்லும் பொருளும்

வடம் – தடித்த கம்பி, கயிறு
அன்றேல் – இல்லையெனில்
இரார் – இருக்கமாட்டார்

இலக்கணம் அறிவோம்

அருகு + அலை = அருகலை. நிலைமொழி ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட, எஞ்சிய 'க்' என்னும் மெய்யோடு 'அ' சேர்ந்தது.

பயிற்சி

1. பின்னறையில் அருகலை மெலிவது ஏன்?
2. வாளி, குழாய் ஆகிய உவமைகள் எவற்றைக் குறிக்கின்றன?
3. உம் வீட்டின் வரைபடம் வரைந்து, தலைமைக் கருவியும் துணைக் கருவிகளும் அமைய வேண்டிய இடங்களைக் காரணத்துடன் குறிக்க.