உஷார்! ‘கேமில் பங்கு’ என்று காசு கேட்டு வருகிறார்கள்

“மச்சான், ஒரு புதுக் கேம் வருது. இப்பவே ஒரு இலட்சம் போட்டா, கேம் வெளியான நாள் தொடக்கம் மாசாமாசம் வருமானத்தில பங்கு.” இப்படியொரு வட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால், அனுப்பியவர் கூடப்பிறந்தவரே ஆனாலும், உடனே வங்கிக்கோ நகை அடைவு பிடிக்கிற இடத்துக்கோ ஓடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். படித்த பிறகும் போடத்தான் வேண்டும் என்று தோன்றினால், எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதாவது தெரிந்திருக்கும்.

பயப்படக் காரணம் இருக்கிறது. 2022 இலும் 2023 இலும் இலங்கையில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கினோம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியிருந்ததால் அந்த வட்டியை விலைவாசியே தின்றது. ஆனாலும் மாதம் தவறாமல் கைக்கு வந்த தொகை மனதில் பதிந்துவிட்டது. பிறகு அதே வைப்புக்கான வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. திருகோணமலை உவர்மலையில் பணிக்கொடையை வங்கியில் போட்டுவிட்டு இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், கட்டாரிலிருந்து மகன் அனுப்புவதைச் சேர்த்து வைக்கும் கிண்ணியாத் தாய்க்கும், சீனன்குடா ஆலையில் சம்பளம் எடுக்கும் பொடியனுக்கும் இன்று ஒரே கவலை: இந்தக் காசை எங்கே போட்டால் பெருகும்? அந்தக் கவலை உள்ள வீட்டைத்தான் ‘கேமில் பங்கு’ என்று சொல்கிறவர்கள் தேடி வருவார்கள். கேம் என்றால் பிள்ளைகளுக்கு ஆசை வரும். பெரியவர்களுக்கு அதைப் பற்றித் தெரியாது என்பதால் கேள்வி வராது. ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது.

ஊர் உலகத்திடம் சிறு சிறு தொகையாகத் திரட்டி கேம் செய்கிற முறையே பொய் என்று நான் சொல்லவில்லை. 2012 இல் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க ஸ்டூடியோ கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் கேட்டு 33 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. சொன்ன கேமையும் செய்து முடித்தது. ஆனால் அங்கே காசு கொடுத்தவர் முதலீட்டாளர் ஆகவில்லை. இலாபப் பங்கோ முதலீட்டு வருமானமோ தருவதாகச் சொல்லி அந்தத் தளத்தில் காசு கேட்கவே கூடாது என்பது அவர்களுடைய விதி. கேமின் ஒரு பிரதி கிடைக்கும், நன்றிப் பட்டியலில் பெயர் வரும், சிலவேளை ஒரு டீ சேர்ட் வரும். ஆகவே “கிக்ஸ்டார்ட்டரில் உங்கள் பெயரில் பங்கு எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அது முழுப் பொய். இலங்கையிலிருந்து அந்தத் தளத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கக்கூட முடியாது. அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் நாங்கள் இல்லை.

காசு கொடுப்பதற்கும் பங்கு வாங்குவதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒக்கியூலஸ் கதையைப் பாருங்கள். கேம் விளையாடும்போது தலையில் மாட்டுகிற கருவி அது. 2012 இல் மக்கள் 24 இலட்சம் டொலர் கொடுத்து அதை எழுப்பி நிறுத்தினார்கள். 2014 மார்ச்சில் பேஸ்புக் அந்தக் கம்பனியை 200 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. முதலில் கை கொடுத்தவர்களுக்கு அந்த 200 கோடியில் ஒரு சதமும் வரவில்லை. பின்னாளில் புதுக் கருவி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சட்டப்படி யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஸ்டார் சிட்டிசன் கேமின் கதை இன்னும் வெளிப்படையானது. 2012 முதல் காசு திரட்டும் அந்தக் கேம் இன்னும் முழு வடிவில் வெளியாகவில்லை. 2018 இறுதிக்குள் ரசிகர்கள் 200 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை கேமுக்குள் ஓட்டுகிற விண்கலங்கள். அதே ஆண்டு இறுதியில் ஒரு பணக்காரக் குடும்பம் 46 மில்லியன் டொலர் போட்டது. அந்தக் குடும்பத்துக்குக் கம்பனியில் கிட்டத்தட்ட 10 வீதம் எழுதிக் கொடுக்கப்பட்டது. நான்கு மடங்குக்கு மேல் கொடுத்த கூட்டத்துக்கு ஒரு பங்கும் இல்லை. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை விட, எந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கைத் தீர்மானித்தது.

சட்டப்படி உண்மையாகவே வருமானப் பங்கு கொடுத்த இடமும் உண்டு. 2015 இல் தொடங்கிய ஃபிக் என்ற தளம், அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழுவில் ஆவணங்களைச் சமர்ப்பித்து, சாதாரண மக்களுக்கும் கேம் பங்கு விற்றது. அதில் வந்த சைக்கோநோட்ஸ் 2 கேமுக்கு 38 இலட்சம் டொலர் திரண்டது. 2018 இல் வெளியாகும் என்றார்கள். வெளியானது 2021 ஆகஸ்டில். அதற்குள் 2019 இல் அதைச் செய்த ஸ்டூடியோவை மைக்ரோசொப்ட் வாங்கிவிட்டது. 2020 இல் ஃபிக் தளத்தையே ரிப்பப்ளிக் என்ற வேறொரு கம்பனி வாங்கியது. காசு போட்டவர் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்க, அவரைச் சுற்றி இருந்த இரண்டு கம்பனிகளும் கை மாறின. சரி, அவர் கையில் இருந்த பங்குதான் என்ன? ஸ்டூடியோவின் பங்கு என்று நினைத்தால் தவறு. கேமின் உரிமை என்று நினைத்தாலும் தவறு. ஃபிக் கம்பனியே வெளியிட்ட, வாக்குரிமை இல்லாத, அந்தக் கேமின் வரவோடு மட்டும் கட்டப்பட்ட ஒரு பங்கு. ஃபிக்குக்குச் சேர வேண்டிய தொகை வந்து, அதில் அவர்களுடைய கழிவு போய், இயக்குநர் சபை அறிவித்தால் மட்டும் பங்கிலாபம். ஆவணத்தில் இவ்வளவும் எழுதியிருந்தது. வாசித்தவர் எத்தனை பேரோ!

அத்தனை ஒழுங்கும் மேற்பார்வையும் உள்ள இடத்திலேயே கதை இப்படி. ஆவணம் எதுவும் இல்லாமல், டெலிகிராம் குழுவில் ஒரு படத்தைக் காட்டி “வருமானத்தில் 20 வீதம்” என்று சொல்கிறவரிடம் கொடுத்தால் என்ன மிஞ்சும்? கையில் பேனையை எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். இது கற்பனைக் கணக்குத்தான், ஆனால் காசு ஓடுகிற வழி இதுவே.

ஒரு கேம் 10 டொலர் விலைக்கு 10,000 பிரதி விற்கிறது என்று வையுங்கள். புதியவர்கள் செய்த கேமுக்கு இது நல்ல விற்பனை. மொத்தம் 100,000 டொலர். ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடை முதலில் 30 வீதத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 70,000. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர், வாங்கிப் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசை மீளப் பெறலாம் என்பது அந்தக் கடையின் விதி. திருப்பியவையும் வரியும் சேர்த்து 10,000 போகட்டும். மிச்சம் 60,000. கேமை வெளியிட்டு விளம்பரம் செய்த வெளியீட்டாளர், முன்பணமாகக் கொடுத்த 50,000 டொலரை முதலில் கழிப்பார். மிச்சம் 10,000. அதிலும் பாதி அவருக்கு என்று ஒப்பந்தம் இருந்தால் ஸ்டூடியோவுக்கு 5,000. உங்களுக்குச் சொன்ன 20 வீதம் இந்த 5,000 இலிருந்துதான். ஆயிரம் டொலர். ஆளுக்கு 100 டொலர் வீதம் 200 பேர் போட்டிருந்தால் ஒருவருக்கு 5 டொலர். நூறு கொடுத்து ஐந்து!

இதில் ஒருவரும் களவெடுக்கவில்லை என்பதைப் பாருங்கள். எல்லாரும் ஒப்பந்தப்படி நடந்து, கேமும் விற்று, அப்போதும் முடிவு இதுதான். ஆகவே ‘வருமானத்தில் பங்கு’ என்று ஒருவர் சொன்னவுடன் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வருமானத்தில் என்பது. கடைக் கழிவுக்கு முன்பா, பின்பா? வெளியீட்டாளர் தன் காசை எடுத்த பிறகா? எத்தனை வருடத்துக்கு? கணக்குப் புத்தகத்தை நான் பார்க்கலாமா? கம்பனியை நாளைக்கு வேறொருவர் வாங்கினால் என் பங்கு என்ன ஆகும்? கேம் வெளிவராவிட்டால்? ஊரில் சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம்கூட யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், எப்போது என் முறை என்று கேட்டுவிட்டுத்தானே காசு கொடுக்கிறோம்?

கேம் விளையாடியே காசு வரும் என்று சொன்ன கதையும் வந்து போய்விட்டது. வியட்நாமியக் கம்பனி ஒன்று செய்த அக்ஸி இன்ஃபினிட்டி கேமில் 2021 இல் பிலிப்பைன்ஸ் மக்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்தார்கள். காசுள்ளவர் கேமுக்குள் இருக்கும் உருவங்களை வாங்கி, காசில்லாதவருக்கு இரவல் கொடுத்து, உழைத்ததைப் பங்கு பிரித்துக்கொண்டார். அந்தக் கேமில் சம்பாதித்த டிஜிட்டல் நாணயம் 2021 யூலையில் 30 அமெரிக்கச் சதத்துக்கு மேல் போனது. ஒரு வருடத்தில் ஒரு சதத்துக்கும் கீழே விழுந்தது. இடையில், 2022 மார்ச்சில், அதன் வலையமைப்புக்குள் புகுந்து கிட்டத்தட்ட 620 மில்லியன் டொலரைத் திருடினார்கள். வடகொரியாவோடு தொடர்புடைய கூட்டம் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொன்னது. விளையாடியவர்களுக்கு வந்த வருமானம் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் கொண்டுவந்த காசு. புதியவர் வரவு குறைந்ததும் விலை சரிந்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். எம்.டி.எஃப்.ஈ. என்ற செயலியை மறந்திருக்க மாட்டீர்கள். கேம் அல்ல; தானாகவே வியாபாரம் செய்து இலாபம் தரும் என்றார்கள். தினமும் திரையில் இலாபம் ஏறியது. 2023 ஆகஸ்டில் ஒரே வீச்சில் கணக்குகள் கழித்தல் குறிக்குப் போயின. போட்டவரே கடன்காரர் என்று செயலி காட்டியது. பங்களாதேஷிலும் இதே கதை. இலங்கை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் அதையும், ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மேக்ஸ் போன்றவற்றையும் சேர்த்திருக்கிறது. அடுத்த பெயர் ஒரு கேமின் பெயராக வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். திரையில் எண் ஏறுவதைக் காட்ட ஒரு கேமைவிட நல்ல வேடம் ஏது?

இந்த இடத்தில் இளம் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி, ஆள் சேர்வதாலும் அவர்கள் காசு போடுவதாலும் பெரும்பாலும் பலன் கிடைக்கிற திட்டத்தை நடத்துவது மட்டும்தான் குற்றம் என்றில்லை. அதை ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். தண்டனை மூன்று வருடம் வரை சிறை, பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது இரண்டும். மற்றவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே செய்தால் மூன்று முதல் ஐந்து வருடக் கடூழியச் சிறை. “இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் உன் பங்கு கூடும்” என்று சொன்னதை நம்பி, பள்ளித் தோழர்களின் குழுவில் இணைப்பைப் பகிர்ந்த தம்பி, காசை இழந்தவனாகவும் குற்றவாளியாகவும் ஒரே நேரத்தில் நிற்க நேரலாம்.

கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டி நம்ப வைப்பது மிகப் பழைய வழி. அந்தத் தாள் சொல்வது அப்படியொரு பெயரில் கம்பனி பதிந்திருக்கிறது என்பதை மட்டும்தான். பொதுமக்களிடம் காசு வாங்க அது அனுமதி ஆகாது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரு தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்கவே கூடாது. பங்குதாரர் தொகையும் 50 ஐத் தாண்டக் கூடாது. வைப்பாகக் காசு வாங்க வேண்டுமென்றால் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் இடுகிற வைப்புக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது. கேம் பங்குக்கு ஒரு ரூபாய்க்குக்கூட இல்லை.

காசை எப்படிக் கட்டச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். “யூ.எஸ்.டி.ரி. வாங்கி அனுப்புங்கள்” என்றால் அங்கேயே நில்லுங்கள். அது ஒரு மெய்நிகர் நாணயம். கடன் அட்டையாலோ பற்று அட்டையாலோ மெய்நிகர் நாணயம் வாங்க இலங்கையில் அனுமதி இல்லை. அதனால்தான் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாயாகப் போடச் சொல்வார்கள். சிட்டையில் அந்த ஆளின் பெயர்தான் இருக்கும். கேமின் பெயரோ கம்பனியின் பெயரோ இருக்காது. பிறகு எதை வைத்து வழக்காடுவது?

கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் துறைமுகத்தையும் கோட்டையையும் வைத்து நீங்கள் ஒரு கேம் செய்தால் முதல் பிரதியை நான் வாங்குவேன். ஆனால் தெரிந்தவர், உறவினர் என்று நூறு பேரிடம் “இலாபத்தில் பங்கு” என்று சொல்லி வாங்காதீர்கள். உங்கள் எண்ணம் எவ்வளவு நல்லதானாலும் சட்டத்துக்கு வெளியே நிற்பீர்கள். ஊரில் தலைகாட்ட முடியாமலும் போகும். முன்கூட்டியே பிரதியை விற்கிறோம், வேறு எதுவும் தர மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் பிழையில்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியவை உண்டு. குழுவிலிருந்து வெளியேற முன்பு உரையாடல்களையும் தொலைபேசி இலக்கங்களையும் திரைப்பிரதி எடுத்து வையுங்கள்; குழுவை அவர்கள் அழித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வங்கிச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். பணம் போன கணக்கு எது என்று உங்கள் வங்கிக்கு உடனே அறிவியுங்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதிப் பிரதியை வாங்குங்கள். மத்திய வங்கிக்கும் அறிவியுங்கள். அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது; கொழும்புக்குப் போகத் தேவையில்லை. வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைக்காதீர்கள். மறைக்கிற ஒவ்வொரு நாளும் அதே ஆள் அடுத்த தெருவில் காசு வாங்குகிறான்.

“உங்கள் இலாபத்தை எடுக்க வரி 15 வீதம் முதலில் கட்டுங்கள்” என்று கேட்டால் கட்டாதீர்கள். உண்மையான வரியைச் செயலிக்காரனின் கணக்குக்கு யாரும் கட்டுவதில்லை. சில வாரம் கழித்து “நான் சட்டத்தரணி, போன காசை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் அனுப்புங்கள்” என்று இன்னொருவர் அழைப்பார். உங்கள் பெயரும் இலக்கமும் அவருக்கு எப்படித் தெரியும்? ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்திருப்பவர்கள் ஏமாற்றியவர்கள்தான்.