இதயத் தசை நார்ப்பெருக்கம்

இதயத் தசை நார்ப்பெருக்கம் என்பது இதயத் தசை உயிரணுக்களுக்கு இடையே கொலாசன் என்னும் நார்ப்புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து வடுவாகும் நிலை ஆகும். வடுவுற்ற தசை விறைப்பாகிக் குருதியைப் போதிய அளவு உள்வாங்க இயலாமல் போகிறது. மின் துடிப்பு சீராகப் பரவுவதும் தடைப்படுவதால் சீரற்ற இதயத்துடிப்பு தோன்றுகிறது. மாரடைப்பு, நெடுநாள் உயர் குருதியழுத்தம், மரபணுக் குறைபாடு ஆகியன இதன் காரணங்களுட் சில.

வடு உருவாகும் முறை

தோலில் காயம் ஆறுவதைப் போன்றே இதயத்திலும் வடு ஒரு சீரமைப்பு முயற்சியாகவே தொடங்குகிறது. வளர்ந்தவரின் இதயத் தசை உயிரணுக்கள் மிக அரிதாகவே பிரிந்து பெருகும். ஆகவே இறந்த தசையின் இடத்தை நார்த்திசு நிரப்புகிறது.

காயமோ மிகை அழுத்தமோ ஏற்படும்போது ஆஞ்சியோடென்சின் 2 என்னும் இயக்குநீரின் செயல்பாடும், உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீட்டா என்னும் புரதத்தின் செயல்பாடும் மிகுகின்றன. இப்புரதம் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் இணைந்து, ஸ்மாட் எனப்படும் புரதங்கள் வழியாக உட்கருவுக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் விளைவாகப் பைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார் உயிரணுக்கள், சுருங்கும் தன்மையுள்ள மயோபைப்ரோபிளாஸ்ட்களாக மாறிக் கொலாசனைச் சுரக்கின்றன. தூண்டல் ஓயாவிடில் வடுவும் பெருகிக்கொண்டே செல்லும்.

சீரற்ற துடிப்பு

தசை உயிரணுக்கள் கனெக்சின் 43 போன்ற புரதங்களால் ஆன நுண்வழிகள் மூலம் மின் துடிப்பை ஒன்றுக்கொன்று கடத்துகின்றன. கொலாசன் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மின் அலை வடுவைச் சுற்றி மெதுவாகச் செல்கிறது. அவ்வாறு சுற்றிவரும் அலை, ஓய்ந்திருந்த தசையை மீண்டும் தூண்டினால் ஒரு சுழல் உண்டாகிறது. இது மேலறையில் நிகழ்ந்தால் ஏட்ரியக் குறுநடுக்கம் ஏற்படலாம். கீழறையில் நிகழ்ந்தால் திடீர் மரணமும் நேரலாம்.

தெற்காசியாவில் ஒரு மரபணு மாற்றம்

இதயத் தசை தடித்தல் நோயில் இத்தகைய வடு பெரிதும் காணப்படுகிறது. தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் மயோசின் பிணைப்புப் புரதம் சி-க்கான மரபணு 11-ஆம் நிறப்புரியில் உள்ளது. இதில் 25 காரச் சோடிகள் இல்லாத வடிவம் ஒன்று இந்தியத் துணைக்கண்டத்தவரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளது என 2009-இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இவ்வாய்வில் பங்கேற்றன. இம்மாற்றம் உடையோருக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்றும் அதில் கணக்கிடப்பட்டது.

பிந்தைய ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின. இந்நீக்கத்துடன் அதே மரபணுவில் மற்றொரு மாற்றமும் பெற்ற சிலரிடமே இதயம் மிகையாகச் சுருங்குவதை 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. நீக்கத்தோடு சேர்ந்து மரபுவழி வரும் வேறோர் அரிய மாற்றமே நோய் வாய்ப்பின் பெரும்பகுதிக்குக் காரணம் என 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இந்நீக்கம் மட்டும் இருப்பதாகச் சோதனையில் தெரியவருவது நோய் உண்டு என்று பொருள்படாது. இதை உடையோரில் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர்.

கண்டறிதலும் மருத்துவமும்

இதய மின்னலை வரைவும் எதிரொலி வரைவும் முதற்கட்டச் சோதனைகளாகும். காடோலினியம் செலுத்தி எடுக்கப்படும் காந்த அதிர்வுப் படத்தில் வடு வெண்மையாகத் தெரியும். தசை தடித்தல் நோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் சோதித்துக்கொள்வது நன்று. அறிகுறி ஏதுமின்றியே நோய் இருக்கக்கூடும்.

முதிர்ந்த வடுவை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகள் உயர் குருதியழுத்தத்தாலும் மாரடைப்பாலும் வரும் வடுவின் வளர்ச்சியைக் குறைக்க உதவுகின்றன. ஏட்ரியக் குறுநடுக்கம் உள்ளோருக்குப் பக்கவாதத்தைத் தவிர்க்கக் குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து தேவைப்படலாம். திடீர் மரண வாய்ப்பு மிகுந்தோருக்கு, ஆபத்தான துடிப்பை உணர்ந்து மின்னதிர்வு தரும் கருவி உடலில் பொருத்தப்படுகிறது.