நின்ற கோலத்தில் கல்லான காடு

கனடாவின் கிழக்கு ஓரத்தில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் ஃபண்டி விரிகுடாவை ஒட்டி ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிறது ஜாகின்ஸ் பாறைமுகடு. மணற்கல், களிப்பாறை, நடுநடுவே கறுப்புக் கோடாக நிலக்கரி என்று அடுக்குகள் ஒருபக்கம் சாய்ந்து தெரிகின்றன. அந்த அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு மரத்தண்டுகள் நிற்கின்றன. சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைக்கு அருகே இருந்தபோது இங்கே மண்டிக் கிடந்த சதுப்புக் காட்டின் மரங்கள் அவை.

நிலக்கரிச் சுரங்கங்களில் இலைத் தடம் கிடைப்பது புதிதல்ல. ஆனால் பெரும்பாலும் நசுங்கித் தட்டையாகவே கிடைக்கும். ஜாகின்ஸில் மரம் முளைத்த இடத்திலேயே நிற்பதற்குக் காரணம் நிலத்தடி உப்பு. மேலே வண்டல் சேரச் சேர, ஆழத்தில் இருந்த தடித்த உப்புப் படிவம் பாரம் தாங்காமல் நகர்ந்தது. நிலம் விரைவாக அமிழ்ந்தது. ஆற்றுவெள்ளம் கொண்டுவந்த மணல், மரம் சாய்வதற்குள் அதன் அடிப்பகுதியை மூடிவிட்டது.

இந்தக் காட்டின் பெருமரங்கள் சிஜில்லேரியாவும் லெபிடோடெண்ட்ரானும். 30 மீட்டர் வரை வளர்ந்த இவற்றின் இன்றைய உறவினர்கள், தாவரவியல் பாடத்தில் வரும் லைக்கோபோடியம், செலாஜினெல்லா போன்ற சிறு செடிகள்தாம். இலை உதிர்ந்த தழும்பைப் பார்த்தே இனம் பிரிக்கலாம்: சிஜில்லேரியாவில் தழும்புகள் மேலிருந்து கீழாக வரிசை கட்டியிருக்கும், லெபிடோடெண்ட்ரானில் சாய்சதுரங்களாகத் தண்டைச் சுற்றி ஏறும். ஈக்விசீட்டத்தின் அழிந்துபோன உறவினமான கேலமைட்ஸுக்குக் கணுக்களும் நெடுக்கு வரிகளும் உண்டு.

பெருமரங்களின் வேர்கள் சொல்லும் செய்திதான் முக்கியமானது. ஸ்டிக்மேரியா எனப்படும் அந்த வேர்களில், சல்லிவேர் ஒட்டியிருந்த வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். நிலவியலாளர் வில்லியம் லோகன் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில், நிலக்கரி அடுக்குகளின் அடியில் இந்த வேர் பதிந்த களிமண் இருப்பதைக் கவனித்தார். நிலக்கரி எங்கிருந்தோ அடித்துவரப்பட்ட மரக்குப்பை அல்ல, அங்கேயே வளர்ந்து மக்கிய காடு என்பதற்கு அது வலுவான சான்று. 1843இல் அவர் ஜாகின்ஸ் அடுக்குகளை அளந்தார். மொத்தத் தடிப்பு 4 கிலோமீட்டருக்கும் மேல். பின்னர் நிலவியலாளர்கள் சார்லஸ் லயலும் வில்லியம் டாசனும் இங்கே 68 மட்டங்களில், ஒன்றன்மேல் ஒன்றாக, வேர் பதிந்த மண்ணைக் கண்டார்கள். டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இதை எடுத்துக்காட்டினார்.

இந்த மரங்களில் கட்டை குறைவு, பட்டை தடிப்பு. புதைந்தபின் உள்ளே மக்கிப்போக, வெற்றிடத்தில் மணல் இறங்கி, அச்சில் வார்த்ததுபோல் தண்டின் வடிவம் கல்லானது; பட்டை மெல்லிய கரித்தோலாக மிஞ்சியது. 1852இல் லயலும் டாசனும் அப்படி ஒரு தண்டுக்குள் நான்குகால் விலங்கின் எலும்புகளையும் நிலத்து நத்தையையும் கண்டெடுத்தார்கள். தண்டுகளில் கிடைத்த சிறு பல்லி போன்ற ஒன்றுக்கு 1860இல் டாசன் ஹைலோனோமஸ் லயலி என்று பெயரிட்டார். ஐயமின்றி ஊர்வன என்று ஏற்கப்பட்ட எலும்புகளில் மிகப் பழையது அதுதான். இந்த விலங்குகள் பொந்துக்குள் தவறி விழுந்து மாட்டிக்கொண்டவை என்பது டாசனின் கருத்து. சில தண்டுகளில் காட்டுத்தீயின் கரித்துண்டுகளும் கிடைப்பதால், தீயில் குடைபட்ட பொந்துகளில் அவை குடியிருந்திருக்கலாம் என்போரும் உண்டு.

ஃபண்டியின் ஏற்றவற்றம் உலகிலேயே மிகப் பெரியது. அது முகட்டை ஓயாமல் அரிப்பதால் புதிய தண்டுகள் வெளிப்படுகின்றன. எடுக்கத் தாமதித்தால் கடல் கொண்டுபோய்விடும். 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அனுமதியின்றி எந்தப் புதைபடிவத்தையும் எடுத்துச் செல்ல மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை.