ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

நாகர்கோவில் வடசேரியில் திருநெல்வேலி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆரல்வாய்மொழி வந்துவிடும். கணவாய்க்கு இந்தப் பக்கம் குளம், வாய்க்கால், தென்னை, வயல். காற்றாலைகளைத் தாண்டி காவல்கிணறு, பணகுடி என்று போகப் போக பனையும் உடைமரமும் காய்ந்த செம்மண்ணும். காரணம் கேட்டால் மழை என்பார்கள். சரிதான். இந்தப் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு, அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆனால் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், மழையைக் காட்டி விளக்க முடியாத வித்தியாசம் ஒன்று தெரியும். அந்தப் பக்கத்துப் பத்திரங்களில் ரயத்துவாரி, ஜமீன், இனாம் என்று இருக்கும். நாஞ்சில் நாட்டுப் பத்திரங்களில் பண்டாரவகைப் பாட்டம், ஸ்ரீபண்டாரவகை, கண்டுகிருஷி, ஜென்மம். தேதியும் கொல்லம் ஆண்டில். இருபது மைல் தூரத்துக்குள் நிலத்துக்கு இரண்டு பாஷை. இத்தனைக்கும் இரண்டு பக்கத்துக்கும் மேலே இருந்தவர்கள் அதே ஆங்கிலேயர்கள்தான்.

அமெரிக்காவிலும் அவர்கள் கதை இப்படித்தான் தொடங்கியது. 1607-இல் வர்ஜீனியாவில் ஒரு கூட்டம் இறங்கியது. வடக்கே மாசசூசெட்ஸில் 1620 முதல் இன்னொரு கூட்டம். வர்ஜீனியாவில் ஓர் ஆளைக் கப்பல் கூலி கொடுத்து அழைத்து வந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்று கம்பெனி கொடுத்தது. காசுள்ளவன் ஆள் மேல் ஆள் இறக்கி பெரும் பண்ணைக்காரன் ஆனான், புகையிலை போட்டான். 1619-இல் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு பண்ணை முழுக்க அடிமை வேலை. தெற்கே கரோலினாவில் பயிர் நெல். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைவித்துப் பழகிய கைகள்தான் அங்கே சேற்றில் இறக்கப்பட்டன. வடக்கிலோ குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்கு ஊராகச் சேர்த்து நிலம் பிரித்துத் தரப்பட்டது. சின்னச் சின்ன வயல், மீன்பிடி, கப்பல் கட்டும் தொழில். 50 வீடு உள்ள ஊரில் ஒரு வாத்தியார் இருக்க வேண்டும் என்று 1647-இல் சட்டமே போட்டார்கள். ராஜாவும் பாஷையும் ஒன்று, சமூகம் இரண்டு. அங்கேயும் மண்ணும் குளிரும் ஒரு பங்கு காரணம். நிலம் யாருக்கு, எந்த நிபந்தனையில் போனது என்பது இன்னொரு பங்கு.

இனி நம் கணவாய்க்கு வருவோம். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கம்பெனி, 1801-இல் ஆற்காட்டு நவாபின் நாட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. திருநெல்வேலி நேரடிக் கம்பெனி ஆட்சி ஆனது. திருவிதாங்கூரில் மகாராஜா இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆங்கிலேய ரெசிடென்ட் இருந்தார். 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பாரமும் ரெசிடென்டின் தலையீடும் சேர்ந்துதான் வேலுத்தம்பி தளவாய் எழுந்தார். 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்து வந்த படை அதை அடக்கியது.

அதன் பிறகு இரண்டு பக்கமும் நிலத்தில் கைவைத்தவர்களின் பெயர்கூட ஒன்றுதான்: மன்றோ. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ. திருவிதாங்கூரில் ரெசிடென்டாக வந்து திவானாகவும் இருந்த ஜான் மன்றோ. இருவரையும் ஒருவராக நினைத்துக் குழம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

தாமஸ் மன்றோவின் ரயத்துவாரியில் சர்க்காருக்கும் உழவனுக்கும் நடுவே ஆள் இல்லை; நிலம் அவன் பெயரில், வரி பணமாக. கேட்க நன்றாக இருந்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் வரிப்பணம் வேண்டுமே! எட்டயபுரம் போன்ற ஜமீன்கள் தனியாக நின்றன; மற்ற இடத்துக் கரிசல்காட்டு விவசாயி, காசு தரும் பயிரைத் தேடிப் பருத்திக்குப் போனான். கூடவே வட்டிக்கடைக்கும் போனான். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு தென்பகுதிப் பஞ்சு கப்பலேறாமல் நின்றபோது, திருநெல்வேலிப் பஞ்சுக்கு விலை ஏறியது. வர்ஜீனியாக்காரன் நிலத்தைப் பிடித்த விதம், இருநூற்றைம்பது ஆண்டு கழித்து கோவில்பட்டிக் கரிசலைத் தொட்டது இப்படித்தான். பஞ்சை ஏற்ற 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. நாகர்கோவில்காரர்கள் தங்கள் ஊரில் ரயிலைப் பார்க்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருவிதாங்கூரின் வழி வேறு. மார்த்தாண்டவர்மா காலத்திலேயே எதிர்த்த பிரபுக்களின் நிலம் சர்க்காருக்குப் போயிருந்தது. ஜான் மன்றோ நூற்றுக்கணக்கான கோவில்களின் சொத்தையும் சர்க்கார் நிர்வாகத்தில் சேர்த்தார். ஆகவே நாட்டில் மிகப் பெரிய நிலக்கிழார் சர்க்காரே. உழுதவன் அதன் பாட்டக்காரன். வயலை விற்கவோ ஒற்றி வைக்கவோ அவனுக்குச் சட்டப்படி உரிமை இல்லை.

அதை மாற்றியது கொல்லம் 1040, அதாவது 1865 ஜூனில் வந்த பாட்ட விளம்பரம். ஆயில்யம் திருநாள் மகாராஜா. திவான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன மாதவராவ். சர்க்கார் பாட்ட நிலத்தை வைத்திருந்தவர்களுக்கே அதை முழுச் சொந்தமாக்கினார்கள். வரி கட்டினால் போதும், விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதே ஆண்டு பிரிட்டிஷ் பகுதியோடு இருந்த சுங்கத் தடையும் பெரும்பாலும் நீங்கியது. மிளகு ஏகபோகம் அதற்கு முன்பே, 1860-இல் போயிருந்தது. தன் சொந்த மண் என்றான பிறகு மனிதன் தென்னை வைப்பான், பலா வைப்பான். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பலன் எடுக்கும் மரப்பயிர் எல்லாம் உரிமை உறுதியானால்தான் வரும். கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்று காணும் சின்னச் சின்னப் புரையிடங்களுக்கு அந்த விளம்பரமும் ஒரு வேர்.

ஆனால் நிலம் கிடைத்தது, பதிவில் பெயர் இருந்தவனுக்கு. சேற்றில் நின்றவனுக்கு இல்லை. நாஞ்சில் நாட்டில் வயலோடு ஆளையும் விற்றிருக்கிறார்கள்; அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் அடிமை விற்ற சீட்டுகள் இருக்கின்றன. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்தது அவர்கள் உழைப்பில். கம்பெனி ஆண்ட பகுதியில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843-இல் நின்றது. திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்பு விளம்பரம் வர 1855 ஆனது. அதற்குப் பத்தே ஆண்டில் நிலம் பங்கானபோது, விடுதலையானவர்கள் பெயர் எந்தப் பாட்டப் பதிவிலும் இருக்க வழியில்லை. இந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மேலுடுப்பு போடும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சொத்து இறங்கிய வழியிலும் கணவாய் குறுக்கே நின்றது. அந்தப் பக்கத்து வேளாளர் வீட்டில் வயல் மகனுக்குப் போனது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டில் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு. காரணவர் கையில் சாவி. உழைத்த தகப்பனின் பிள்ளைகள் வெறுங்கையோடு நின்ற வீடுகள் எத்தனையோ. கோர்ட்டில் வழக்காகிப் பாதி நிலம் வக்கீலுக்குப் போனதும் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைக் கேலி செய்து ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, பங்கு பிரிப்பது எளிதானது. இன்று சுசீந்திரம், பூதப்பாண்டி ஏலாக்களில் வயல்கள் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு அதற்குப் பின் நடந்த பாகப்பிரிவினைகளும் ஒரு காரணம். வேண்டாம் என்று சொல்ல முடியாத மாற்றம்தான். இருந்தாலும் வரப்பு அதிகமானது.

1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கோதையாற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நிலச்சட்டம் உடனே சேரவில்லை. 1964-இல் தனிச் சட்டங்கள் போட்டுத்தான் ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியாக்கினார்கள், ஜென்மிக்கரத்தையும் நிறுத்தினார்கள். தாமஸ் மன்றோவின் முறை கணவாயைத் தாண்டி வர ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

பழைய பிரமாணத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்டாரவகை வேறு, ஸ்ரீபண்டாரவகை வேறு. முதலாவது சர்க்கார் நிலம்; 1865 விளம்பரம் அதற்குத்தான். இரண்டாவது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலுக்கு உரியதாக இருந்தது. அதற்கு விடிவு 1964-இல். ‘ஸ்ரீ’ என்ற ஓர் எழுத்து மரியாதைக்காகப் போட்டது என்று நினைத்துத் தாண்டிவிடக் கூடாது. அப்படிப்பட்ட நிலத்தை வாங்குகிறவர்கள் கொல்லம் ஆண்டுப் பத்திரம் வரைக்கும் பின்னோக்கிப் போய், 1964-க்குப் பிறகு யார் பெயருக்குப் பட்டா ஆனது என்று தாலுகா ஆபீசில் பார்த்துக்கொள்வது நல்லது.