விலகிப் போனவர்களிடம் யார் கேட்பது?

ஊட்டி காந்தலில் வீடுகள் நெருக்கமானவை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். மனசு சரியில்லை என்று டாக்டரைப் பார்க்கப் போனால், வீடு திரும்புவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவருக்கு, ராத்திரி போர்வைக்குள் செல்போனில் மனசைக் கொட்டுவது எளிது. பெங்களூருவில் உருவான ‘வைசா’ போன்ற மனநலச் செயலிகள் அந்நேரத்திலும் பதில் சொல்கின்றன. அப்படிப் பேசுகிறவருக்கும் செயலிக்கும் இடையே உறவு முளைக்கிறதா? ஆய்வாளர்கள் இதை எண்களால் அளந்துவருகிறார்கள்.

அளவுகோல் மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவில் மூன்று கூறுகளைக் கண்டார்: எதை எட்ட வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பவற்றில் இருவருக்கும் உடன்பாடு, இருவருக்குள்ளும் ஒரு பற்று. 1989இல் ஹார்வத், கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இதை 36 கேள்விகளாக்கினார்கள். பிறகு 12 ஆகச் சுருங்கிய அந்தத் தாளைத்தான் செயலிக்கும் நீட்டுகிறார்கள். ‘இவருக்கு என்னைப் பிடிக்கும்’ என்கிற தொனியில் வரும் வரிகளுக்கு ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். 2022இல் வந்த வைசா ஆய்வில் 1,205 பேரின் சராசரி 3.64. அமெரிக்காவின் ‘வோபாட்’ செயலி பற்றிய 2021 ஆய்வில் 36,070 பேர். பற்றுக்கு மட்டும் 3.8. மனித ஆலோசகர்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண்களுக்கு இவை பக்கத்தில் வருகின்றன. இரண்டு ஆய்விலும் அந்தந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களின் கை உண்டு.

இந்த எண்களைப் பொய் என்று நான் தள்ளவில்லை. தூக்கம் வராத ராத்திரியில் கிடைக்கிற ஆறுதல் நிஜமானது. ஆனால் தாளை நிரப்பியவர்கள் அப்போது செயலியில் இருந்தவர்கள். 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையின்படி, முப்பதாவது நாளில் செயலியைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம்தான். மற்றவர்கள் தேறிவிட்டார்களா, வெறுத்துப்போனார்களா? விலகிய பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்பதை மதிப்பெண் சொல்லாது.

இன்னொன்றும் அந்தத் தாளில் இல்லை: நாளைக்கும் இது இருக்குமா என்ற கேள்வி. வோபாட் செயலி 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பற்று வைத்திருந்ததாக அளந்து சொல்லி நான்கே வருடம். டாக்டர் மாற்றலாகிப் போனாலும் ஆஸ்பத்திரியில் நோயாளியின் சீட்டு இருக்கும், அடுத்த டாக்டர் வருவார்.

அதனால் நல்ல உறவு என்பதற்கு என் அளவு வேறு. நிலைமை முற்றும்போது செயலி தன்னிடம் பேசியவரை ஒரு மனிதரிடம் சேர்த்ததா? 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைச் செயலி காட்டியதா, அவர் கூப்பிட்டாரா, பிறகு ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போக முடிந்ததா என்று கேட்க வேண்டும். செயலியை விற்காத யாராவது, காந்தலுக்கே வந்து, முதலில் அதை அழித்துவிட்டவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.