புது மடிக்கணினிக்கு முதல் செலவு: ரேமா, எஸ்எஸ்டியா?

புதிய மடிக்கணினி வாங்கிய சில மாதங்களிலேயே “மெதுவாக இருக்கிறதே, ரேம் கூட்டிவிடலாமா?” என்ற பேச்சு ஆசிரியர் அறையில் தொடங்கிவிடுகிறது. கடையில் கேட்டால் பெரும்பாலும் “கூட்டிக்கோங்க சார்” என்றுதான் சொல்வார்கள். கைப்பணத்தைச் செலவிடும் முன், கணினி எங்கே திணறுகிறது என்பதை நாமே பார்த்துக்கொள்ள முடியும்.

ஒரு வகுப்பின் 40 கணக்கு நோட்டுகளைத் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். மேசையில் 10 நோட்டுகள்தான் கொள்ளும். மற்றவை அடுத்த அறைப் பீரோவில் இருக்கின்றன. மேசைதான் ரேம், பீரோதான் சேமிப்பகம். மேசை நிறைந்துவிட்டால், ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துவர நடக்க வேண்டும். ரேம் நிறைந்த கணினியும் இப்படித்தான் அலைகிறது. ஆனால் மேசை பாதி காலியாக இருக்கும்போது இன்னொரு மேசை வாங்கிப் போட்டால் திருத்தும் வேகம் கூடாது.

மேசை நிறைந்திருக்கிறதா என்று அறிவது எளிது. வகுப்பில் வழக்கமாகத் திறப்பவற்றையெல்லாம் திறந்து வையுங்கள்: உலாவியில் எட்டுப் பத்துப் பக்கங்கள், பாடக் காணொலி ஒன்று, பவர்பாயின்ட், மதிப்பெண் பட்டியல் உள்ள எக்செல். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’ 85, 90 விழுக்காட்டிலேயே நின்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 ஜிபி போதும் என்று சொல்லப்பட்டாலும், 8 ஜிபி ரேமில் கணிசமான பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. மாறாக, மெமரி 60 விழுக்காட்டில் இருந்தும் கணினி தயங்கினால் ரேம் கூட்டிப் பயனில்லை. இணையதளம் மட்டும் திறக்காமல் சுழன்றுகொண்டிருந்தால் அது பெரும்பாலும் இணைப்பின் குறை. அதற்கு எந்த ரேமும் மருந்தாகாது.

அதே பக்கத்தில் ‘டிஸ்க்’ என்பதன் கீழ் ‘ஹெச்டிடி’ என்று இருந்து, அது அடிக்கடி 100 விழுக்காட்டைத் தொட்டால், வேறு யோசனையே வேண்டாம். முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில், நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தேட வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லி நொடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. அதற்கு ஒரு மில்லி நொடிகூடத் தேவையில்லை. இப்போது வரும் புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டியே இருப்பதால், கேள்வி ரேமில் வந்து நிற்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டி பாடக் காணொலிகளால் நிறைந்துவிட்டது என்றால் கணினியைத் திறக்க வேண்டியதில்லை. வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்று போதும்.

ரேம்தான் தேவை என்று தெரிந்தாலும், அதைக் கூட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பல மெல்லிய மடிக்கணினிகளில் ரேம், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மெமரி பக்கத்தில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அது பற்றவைத்த ரேம். ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்று இருந்தால் கழற்றக்கூடியது. காலி ஸ்லாட் இருந்தால் ஏற்கெனவே உள்ள 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி சேர்ப்பது சிக்கனம். ஒரே ஸ்லாட்தான் என்றால் பழையதை எடுத்துவிட்டு 16 ஜிபி போட வேண்டும், செலவு கூடும். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது என்பதால், மாடல் எண்ணைக் காட்டி வாங்குங்கள்.

பள்ளிக்கு அரசு வழங்கிய கணினி இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருள். அதை நாமே திறக்கக் கூடாது, தலைமையாசிரியர் வழியாகவே கோர வேண்டும். சொந்தக் கணினி என்றாலும், திறந்தால் உத்தரவாதம் செல்லுமா என்று சேவை மையத்தில் முதலில் கேளுங்கள். வினாத்தாள், மதிப்பெண் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய ரேமைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கணினி தகராறு செய்தால், பழையதைப் போட்டுப் பார்த்துத்தான் புதிய ரேமில் குறையா என்று உறுதிசெய்ய முடியும்.